டாலி பாயும் பதினாறு அணாவும்

சென்னைப் பட்டணத்தில் அந்தக் காலத்தில் இருந்த அத்தனை லட்சம் பேரில், “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை நகராமல் நின்ற ஆள் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்கள். டாக்டர்கள் கேட்கும்போதே அடுத்த கட்டிலைப் பார்ப்பார்கள். டாலி பாய் மட்டும் நிற்பார். நின்றால்கூடப் பரவாயில்லை, நாம் சொன்ன பதிலை நம்பமாட்டார். சாட்சி கேட்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல் இருந்துவிட்டேன். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவர். முஸ்லிம். ஆகவே டாலி பாய். ராயபுரத்துக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே, நெஞ்சு நோய்க்காரர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே எனக்கு அடுத்த கட்டில் அவருடையது. நான் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்து, ஒருநாள் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவன்.

வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். கடலைப் பார்த்து நான்கு ஜன்னல்கள். போன முதல் நாளே எண்ணிவிட்டேன். பதினெட்டுப் பேருக்கு ஜன்னல் கிடையாது. என் கட்டில் அந்தப் பதினெட்டில் ஒன்று. அங்கே வந்தவர்கள் சீக்கிரம் சாகவும் மாட்டார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போகவும் மாட்டார்கள். வருஷக்கணக்கில் கிடப்பார்கள். இருமுவது, துப்புவது, சாப்பிடுவது, மறுபடி இருமுவது. நடுநடுவே ஒரு கட்டிலைச் சுற்றித் தட்டி வைத்து மறைப்பார்கள். தட்டியை எடுத்தபின் அதில் வேறு ஆள் இருப்பான். நான் எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவினேன். என் டம்ளரை யாரும் தொட விடமாட்டேன். கதவுக் கைப்பிடியை வேட்டி முனையால் பிடித்துத் திறப்பேன். நோய் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது இனி எது வரப்போகிறது என்று பாய் கேட்பார். இருந்தாலும் கழுவினேன்.

வந்த இரண்டாம் நாள் காலையில், கஞ்சிக்கு முன்னால், அவர் என் கட்டில் ஓரம் வந்து நின்றார். குட்டையான, எலும்பு எடுத்த உடம்பு. காதில் பென்சில் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் அடிக்கடி காதைத் தடவுவார்.

“இன்னா ரைட்டரே, இன்னிக்கி எத்தினி அணா?”

குமாஸ்தா என்பதால் ரைட்டர் என்றார். கடன் கேட்கிறார் என்று நினைத்து, கையில் ஒன்றும் இல்லை என்றேன். வார்டு முழுதும் சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேருக்கு இருமல் வந்துவிட்டது.

இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்போது ரூபாய்க்குப் பதினாறு அணா. எது முழுசாக இருந்தாலும் அதைப் பதினாறு அணா என்பார்கள். ஒரு குறையும் இல்லாத மனிதன் பதினாறு அணா என்று பாய் வைத்துக்கொண்டார். மூச்சுக்கு நாலணா, சோற்றுக்கு நாலணா, தூக்கத்துக்கு நாலணா. மிச்சம் ஒரு நாலணா இருக்கிறதே, அதற்கு அவரிடம் பெயர் இல்லை. “அது வந்து... இந்தா கீது பாரு, அது” என்று ஜன்னல் பக்கம் கையை ஆட்டுவார். எங்களுக்கும் புரிந்துவிடும். ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வருவதற்கு முன்பே இதெல்லாம் நடந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நூறு வரை எண்ண வைத்திருப்பார்.

எனக்கு எதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அன்றைய நிலைமையை நன்றாக யோசித்து, “ஆறே முக்கால்” என்றேன்.

“முக்காலா? அந்த முக்காலு எங்க கீது, காட்டு.”

காட்ட முடியவில்லை.

“ரவுண்டா சொல்லு, நைனா. அர மூட்டை, முக்கா மூட்டைன்னு எந்தக் கப்பல்ல எறக்குறான்?”

அதோடு விட்டாரா என்றால் இல்லை. துறைமுகத்து வழக்கம் ஒன்றை அவர் வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மூட்டை இறங்கும்போது கப்பல்காரர் தரப்பில் ஒரு குமாஸ்தா எண்ணுவான். கரையில் நின்று இன்னொரு குமாஸ்தா எண்ணுவான். வேலை முடிந்ததும் இரண்டு எண்ணிக்கையையும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு மூட்டை வித்தியாசம் வந்தாலும் கணக்குத் தீரும் வரை இரண்டு பேரும் வீட்டுக்குப் போக முடியாது. அதே மாதிரி இங்கே நோயாளி சொல்வது கப்பல் கணக்கு. பக்கத்துக் கட்டில்காரன் அவனைப் பார்த்துச் சொல்வது கரைக் கணக்கு. இரண்டும் ஒத்துவராவிட்டால் பாய் அங்கேயே நிற்பார். கஞ்சி ஆறிப்போகும்.

எனக்குக் கரைக் கணக்குச் சொல்ல வேண்டியவர் எனக்கு மறுபக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். யானைக்கவுனியில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தவர். மிளகாய் மண்டிக்காரருக்கு நெஞ்சு நோய் வந்தால் எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “இந்தக் குமாஸ்தாவுக்கு நாலே ரொம்ப” என்றார்.

என்னுடைய ஆறே முக்காலுக்கு நான் காரணம் காட்டி வாதாடினேன். அவர் நான்குக்கு மேல் ஏறவில்லை. கடைசியில் பாய் ஐந்தில் முடித்துவைத்தார். அன்று முழுதும் எனக்கு மனசே சரியில்லை. ஆனால் ஒன்று: வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் என் நோயைத் தவிர வேறொன்றை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அண்ணாச்சியின் சொந்தக் கணக்கு இன்னும் விநோதம். தினமும் ஒரே பதில்தான்.

“லாபம். போட்டுக்கிடும்.”

புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டு, பரவாயில்லை, இந்த மனுஷன் ஒருவராவது சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைப்பார்கள். மண்டிக்காரர்கள் படியால் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். அண்ணாச்சி சொன்னது ஓர் அணா. பதினாறுக்கு ஒன்று.

அவருக்குக் கரைக் கணக்குச் சொல்வது என் பொறுப்பு. நான் கூட்டிப் பார்த்தால் எட்டுக்குக் குறையவே குறையாது. குறட்டை விட்டுத் தூங்குவார். சாப்பாடு வந்ததும் ரசத்தைத் திட்டுவார், சமைத்தவனைத் திட்டுவார், பிறகு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுவார். எட்டு என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். “ஏழணா எங்கவே ஒளிச்சு வச்சிருக்கேன்? தலகாணிக்கு அடியில பாத்துக்கிடும்” என்று தலையணையைத் தூக்கிக் காட்டுவார்.

பெரிய டாக்டரையும் பாய் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தபோது, நீங்கள் எத்தனை அணா என்று கேட்டுவிட்டார். டாக்டர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டு பதினாறு என்றார். பாய் உடனே பக்கத்தில் நின்ற சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தயங்கவே இல்லை. “ஒன்பது. நேத்து வீட்டுக்கே போகலை” என்றார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

எண்ணுவதோடு நின்றிருந்தால் பாயைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். துறைமுகத்தில் மூட்டை குறைந்தால் அது எங்காவது இருந்தே ஆகவேண்டும். கப்பலின் அடித்தட்டில் இருக்கும், அல்லது வேறு கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, போயிருக்கும். அதேபோல் ஒரு மனிதனுக்கு அணா குறைந்தால் அதுவும் எங்கேயோ கிடக்கிறது, தேடி எடுத்துவந்து சேர்த்துவிடலாம் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையால் அவர் செய்த அட்டகாசங்களைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

கடைசிக் கட்டிலில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவர் ஒருவர் இருந்தார். ஆள் வாட்டசாட்டம், ஆனால் பேச்சு கிடையாது. அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. இவருக்குக் குறைவது ஆள்தான் என்று பாய் கண்டுபிடித்தார். பாயின் தங்கை காலடிப்பேட்டையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வருவாள். அந்த வெள்ளிக்கிழமை அவளை வாசலிலேயே மடக்கி, எனக்கு வேண்டாம், இன்றைக்கு நீ அந்தக் கட்டிலுக்கு விருந்தாளி என்று அனுப்பிவிட்டார். அண்ணன் சொல்லைத் தட்டாதவள் அவள். போய் உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. பெயிண்டரின் முகத்தைப் பார்த்தாள், அவருடைய தாயார் இருக்கிறாளா என்று கேட்டாள், இல்லை என்றதும் தலைத் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். முன்பின் தெரியாத பெண் தன் கட்டிலில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்த பெயிண்டருக்கு வேர்த்துவிட்டது. அவள் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ரைட்டர் சார், டாக்டர் எதுனா சொல்லிட்டாரா? எனுக்கு நாள் குறிச்சுட்டாங்களா?”

அவர் கணக்கில் மூன்று அணா இறங்கியது. பாய் அதை மறைக்கவில்லை. ஏற்றி இறக்கும்போது ஏற்பட்ட சேதம் என்று ஒப்புக்கொண்டார்.

அண்ணாச்சிக்குக் குறைவது பேரம் என்று அடுத்ததாகக் கண்டுபிடித்தார். நாற்பது வருஷம் பேரம் பேசிய வாய். இங்கே பேசுவதற்கு ஒன்றும் இல்லை. மருந்தும் கஞ்சியும் இலவசம். ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிய தெருவில் வாழைப்பழக் கூடையோடு போகும் அம்மாள் ஒருத்தியை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். ஆனால் அண்ணாச்சியின் கட்டில் ஜன்னலிலிருந்து தூரம். ஆகவே ஜன்னலோரம் இருந்தவரைக் கெஞ்சி எழுப்பி அண்ணாச்சியின் கட்டிலில் படுக்க வைத்து, அண்ணாச்சியை ஜன்னலில் உட்கார்த்தினார். அன்று நடந்ததை நான் முழுதும் கேட்டேன். பழத்தின் தோல், காம்பு, பிஞ்சு, பழுத்த விதம், எந்த ஊர்ச் சரக்கு என்று ஒன்று விடாமல் அண்ணாச்சி குற்றம் சொன்னார். அவளும் சளைக்கவில்லை. அரை மணி கழித்து விலை படிந்து வந்த நேரத்தில், “சரி, இருக்கட்டும். நாளைக்குப் பாப்போம்” என்றார் அண்ணாச்சி.

“இன்னாய்யா, வாங்கவும் மாட்டே கொள்ளவும் மாட்டே. நா இன்னா உனுக்கு டிராமா ஆடிக்கினு கீறேனா?” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றாள்.

என் கரைக் கணக்கில் அண்ணாச்சி அன்று பத்து. அவர் கணக்கில் லாபம்.

இதிலிருந்துதான் வினை ஆரம்பித்தது. ஜன்னல் கேட்க எல்லோருக்கும் வாய் இருந்ததே. பாய் ஒரு முறை வகுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வார்டு முழுதும் ஆட்கள் இடம் மாறுவது, எல்லோருக்கும் முறைவைத்து ஜன்னல் கிடைக்கச் செய்வது. கட்டில்கள் கனமான இரும்பு; நகரா. ஆகவே கட்டில் அங்கேயே இருக்கும், ஆள்தான் மாறுவான். இதில் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் யோசிக்கும் நானும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலின் காலிலும் நோயாளியின் எடைச் சீட்டு தொங்கியது. திங்கட்கிழமை எடை பார்க்க வரும் நர்ஸ் அம்மாள் ஆள் முகம் பார்க்கமாட்டாள். கட்டில் எண் பார்த்து எழுதிக்கொண்டு போவாள்.

ஏழாம் எண் கட்டில் அண்ணாச்சியுடையது. ஒரு வாரம் அதில் பெயிண்டர் படுத்தார். அண்ணாச்சியின் சீட்டில் எடை கிடுகிடுவென்று ஏறியது. பெரிய டாக்டர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, புது ஊசி மருந்து செய்யும் அற்புதத்தைப் பாருங்கள் என்று ஏழாம் எண்ணைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். அடுத்த வாரம் அதில் ஓர் ஒல்லியான ஆள் படுத்தார். எடை பாதாளத்துக்குப் போயிற்று. டாக்டர் பதறிப்போய், ஏழாம் எண்ணுக்குத் தினம் இரண்டு முட்டையும் பாலும் எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு ஜன்னலை யாரும் கேட்கவில்லை. ஏழாம் எண்தான் வேண்டும் என்று சண்டை வந்தது.

எவ்வளவு நாள் ஓடியிருக்குமோ தெரியாது. அந்தக் காலத்தில் விலாவில் ஊசி குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்று ஏற்றுவார்கள். கெட்டுப்போன பக்கம் எதுவோ அந்தப் பக்கம் ஏற்றவேண்டும். ஒருநாள் சீட்டைப் பார்த்து இடது விலாவில் மருந்து தடவிய டாக்டரிடம், பெயிண்டர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக உரக்கப் பேசினார். “எனுக்கு வலது பக்கம், சார்.”

ஊசி கையில் இருக்க, டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

திட்டினார். திட்டியதில் நியாயம் இருந்தது. ஒருவன் செத்திருக்கலாம். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புதிதாக எடை பார்த்தார்கள். அவரவர் கட்டிலுக்கே திருப்பி அனுப்பிச் சீட்டுகளைத் திருத்தினார்கள். திருத்திய பிறகு அண்ணாச்சியின் நிலைமை வெளியே வந்தது. வந்த நாளில் இருந்த எடையைவிட இரண்டு பவுண்டு குறைவு. இத்தனை காலமும் ஒரு முன்னேற்றமும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. நெடுநாள் வைத்திருந்தும் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தேறக்கூடியவர்களுக்குக் கட்டிலைக் கொடுக்க வேண்டும். பொய் எடைதான் அதுவரை அண்ணாச்சியைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சனிக்கிழமை அவரை அனுப்பிவிடுவதாகச் சிஸ்டர் வந்து சொன்னார்.

தினமும் இந்தச் சத்திரத்தைவிட்டு எப்போது தொலைவேன் என்று புலம்பியவர் அவர். குதிப்பார் என்று நினைத்தோம். அன்று மத்தியானம் ரசம் வந்தது. அண்ணாச்சி அதைத் திட்டவில்லை. தொடவும் இல்லை.

மறுநாள் காலை பாய் வழக்கம்போல் வந்து நின்று எத்தனை அணா என்று கேட்டார்.

“எட்டு” என்றார் அண்ணாச்சி.

என்னுடைய கரைக் கணக்கை அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

“பத்துன்னு போட்டாலும் சரிதான்வே” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அந்த டாக்டருகிட்ட எடுத்துச் சொல்லும். நான் இங்கன நல்லாத்தான் இருக்கேன்.”

பிறகு அவராகவே சொன்னார். இங்கே வருவதற்கு முன் இரண்டு மாசம் வீட்டில் இருந்தாராம். மண்டிக்குப் பின்னால் கிட்டங்கியில் படுக்கை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து ஒரு கம்பால் தள்ளிவிடுவார்களாம். பேரன் தெருவில் நின்று கையை ஆட்டுவானாம். மகன் கெட்டவன் இல்லை, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று அவரே மகனுக்காகப் பேசினார்.

“வத்தல் நமுத்துப்போவும்னு மூட்டைய எல்லாம் சன்னலோரம் போட்டுட்டானுவ. சரக்குக்குக் காத்து வேணும்லா. எனக்கு உள்மூலை.”

மிளகாய் நெடியில் அந்த நெஞ்சோடு இரண்டு மாசம். நான் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

பாய் அன்று மற்றக் கட்டில்களுக்குப் போகவில்லை. தன் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்காத காலையாக அது போயிற்று. மத்தியானம் என்னிடம் மட்டும் சொன்னார்: “கட்டிலை மாத்துனது நானு. சேதம் என் கையில, நைனா.”

நீங்கள் மாற்றாமல் இருந்திருந்தால் எப்போதோ அனுப்பியிருப்பார்கள், அந்த முட்டைகூடக் கிடைத்திருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் வந்தபோது பாய் டாக்டரை நிறுத்தினார். அண்ணாச்சி இங்கே எட்டு அணா, அவர் வீட்டில் இரண்டு அணாகூடத் தேறமாட்டார், ஆறணாவைத் தெருவில் கொட்டலாமா என்று கேட்டார். டாக்டர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாய், வெளியே வராந்தாவில பதினோரு பேர் தரையில படுத்திருக்காங்க. பொழைக்கக் கூடியவங்க அதுல பாதி. உள்ளே ஒரு கட்டில் காலியானா ஒருத்தனைக் கொண்டுவரலாம். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?”

பாய் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போனார். டாக்டர் ஏனோ ரவுண்ட்ஸைத் தொடராமல் அங்கேயே நின்றார். பாய் அந்தத் தரையில் கிடந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்பது கதவு வழியாகத் தெரிந்தது. திரும்பி வர நேரம் ஆயிற்று. அவர்கள் என்ன எண்ணிக்கை சொன்னார்கள் என்று எங்களிடம் அவர் சொல்லவே இல்லை.

“ஒரு ஆளு எறங்கணும். அவ்ளோதானே?” என்று டாக்டரைக் கேட்டார்.

“அவ்வளவுதான்.”

“நா எறங்கறேன். நா பதினாறணா. ஷோக்கா கீறேன்.”

டாக்டர் தலையை ஆட்டினார். உங்கள் நெஞ்சு எனக்குத் தெரியும் என்றார். காலடிப்பேட்டையில் ஒரு தங்கை, அவளுக்கு ஒரே அறை, அந்த அறையில் ஐந்து குழந்தைகள் என்பதும் அவருக்குத் தெரியும். பாய் விடவில்லை.

“அது உன் டாலி. என் டாலி பதினாறு. நடுவுல சண்டை இன்னாத்துக்கு? பக்கத்துக் கட்டிலைக் கேளு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர், சிஸ்டர், கடைசிக் கட்டிலிலிருந்து பெயிண்டர். அண்ணாச்சி மட்டும் பார்க்கவில்லை.

பாயின் கரைக் கணக்கு எனக்கு மனப்பாடம். குழாயடிக்குப் போய் வர மூன்று இடத்தில் உட்காருவார். படுத்தால் மூச்சு வராது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்குவார். தூங்குவதாகப் பாவனை செய்வார். சோற்றில் பாதியைப் பெயிண்டருக்குக் கொடுத்துவிடுவார். மூன்று அணா. தாராளமாகப் போட்டால் மூன்றே கால். இவரைக் காலடிப்பேட்டைக்கு அனுப்புவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சியை மிளகாய்க் கிட்டங்கிக்கு அனுப்புவது என்றால் என்ன என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு நல்ல விடை வருகிற கணக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

நான் பாயைப் பார்த்தேன். அவர் கெஞ்சவில்லை. வேலை முடிந்து, அடுத்த குமாஸ்தா எண்ணிக்கையைப் படித்தால் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று காத்திருக்கிற ஆள் மாதிரி நின்றார்.

“பதினாறு” என்றேன்.

“பாத்தியா,” என்றார் பாய் டாக்டரிடம். “முக்காலு காலு ஒண்ணுங் கெடையாது. ரைட்டரே ரவுண்டா சொல்லிட்டாரு.”

டாக்டருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிஸ்டர் நீட்டிய டிஸ்சார்ஜ் சீட்டில் அண்ணாச்சியின் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். அப்போது அவருடைய சொந்தப் பெயரைச் சிஸ்டர் வாய்விட்டுச் சொல்லியிருப்பார். என் காதில் விழவில்லை.

சனிக்கிழமை தங்கை ரிக்‌ஷா கொண்டுவந்தாள். பாய் துணி மூட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு வார்டின் நீளம் முழுதும் நடந்தார். ஒவ்வொரு கட்டிலிலும் நின்றார். பேசுவதற்கு நிற்பதுபோல் இருந்தது, மூச்சுக்காக நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே ஒவ்வொருவனும் தன் எண்ணிக்கையைச் சொன்னான். எல்லோரும் கூட்டியே சொன்னார்கள் என்று நினைக்கிறேன். அவர் சாட்சி கேட்கவில்லை.

அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாய் நின்றார்.

“வரேன், அண்ணாச்சி.”

அவர் திரும்பவில்லை. “வயசான காலத்துல கிறுக்குப் புடிச்சு அலையுதீரு. போய் மருந்தயாவது ஒழுங்காத் தின்னும்வே” என்றார் சுவரிடம்.

“துண்ணுறேன்.”

அந்த வருஷத்து மழை முடியும்வரைகூட அவர் இருக்கவில்லை. தங்கை ஒரு வெள்ளிக்கிழமை வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று வீட்டுக்கு வெளியே கூரைச் சாய்ப்பின் கீழேதான் படுத்திருந்தாராம். அண்ணாச்சி அதன்பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஏழாம் எண்ணில் இருந்தார். ரசத்தைத் திட்டினார். வாழைப்பழக்காரியிடம் ஒரு பழம்கூட வாங்கவில்லை. பாயின் பேரை அவர் எடுத்து நான் கேட்டதில்லை. பிறகு அவரைச் சுற்றியும் தட்டி வைத்தார்கள். ஆஸ்பத்திரி அவரைக் குணப்படுத்தவில்லை. பாய் கொடுத்தது அந்த ஒரு வருஷம்தான். அதற்கு எத்தனை அணா என்று கேட்டுச் சொல்ல அங்கே யாரும் மிச்சமில்லை.

பாய் போன அன்று சாயங்காலமே வராந்தாவிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து அவர் கட்டிலில் போட்டார்கள். சடையங்குப்பத்துக்காரன். மெத்தையின் நடுவில் பெரிய பள்ளம், முதுகு வலிக்கிறது என்று முனகினான். இத்தனை வருஷம் ஒருவர் சாய்ந்தே கிடந்த தேங்காய்நார் மெத்தை. நான் எழுந்து என் மெத்தையை அவனுக்குக் கொடுத்துவிட்டு அதை என் கட்டிலில் போட்டுக்கொண்டேன். கொதிநீர் கேட்கவில்லை, வெயிலில் காயவைக்கவில்லை. அவர் என்னைவிடக் குட்டை. அந்தப் பள்ளம் என் முதுகுக்கு எந்தப் பக்கம் புரண்டாலும் பொருந்தவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரை அதிலேயே படுத்துக்கொண்டேன்.